இரவல் வியாபாரி

நம் ஊர்களில் இரவல் வாங்காத பொருள் ஒன்றும் கிடையாது. ஏணி, உரல், அண்டா, கல்யாணத்துக்குக் காசுமாலை, துக்கத்துக்குப் பெஞ்சு எல்லாம் இரவலாகவே வீடு வீடாகப் போய்வரும். புத்தகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் நாவல்களை இரவல் வாங்கிப் படித்ததாக என்னிடமே பெருமையோடு சொன்ன அன்பர்கள் பலர் உண்டு. ஆனால் வியாபாரம் செய்யத் தெரிந்த ஒரு மனிதரைச் சில மாதங்களுக்கு இரவல் வாங்கலாம் என்பது, சங்கரன்கோவிலுக்குப் போகும்வரையில் எனக்குத் தெரியாது.

மூன்று வருஷங்களுக்கு முன்பு ஆடித் தபசு பார்ப்பதற்காக அங்கே போயிருந்தேன். அந்த ஊரை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பாதி உடல் சங்கரனாகவும் பாதி உடல் நாராயணனாகவும் நிற்கும் சுவாமி அங்கே கோயில் கொண்டிருக்கிறார். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள், 'உன் தெய்வம் பெரிதா, என் தெய்வம் பெரிதா?' என்று வழக்காடினார்களாம். வழக்கைத் தீர்ப்பதற்காகக் கோமதி அம்மன் தவம் இருந்தாள். அவளுக்காகச் சுவாமி ஒரே உடலில் இருவராகவும் காட்சி தந்தார் என்பது தலபுராணம். அந்தக் காட்சி நாளில் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைச் சூறை விடுவார்கள். நெல் பறக்கும், மிளகாய் வற்றல் பறக்கும், பருத்தியும் பறக்கும்.

கூட்டம் கலைந்து நாதசுரமும் ஓய்ந்த பிறகு காதில் விழும் ஓசைதான் அந்த ஊரின் மற்றொரு பாதி. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். ஒரு காலத்தில் அது குழித்தறியின் மெல்லிய 'டக், டக்' ஓசையாக இருந்தது. இப்போது பெரும்பாலும் விசைத்தறியின் இரைச்சல். எனக்கு அழைப்பு அனுப்பிய சிநேகிதர் பதினாறு விசைத்தறிகள் வைத்துப் பருத்திச் சேலை நெய்பவர். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "ஒரு நிமிஷம் வாங்க அண்ணாச்சி" என்று வீட்டுப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் ஓர் அறையைத் திறந்து காட்டினார்.

சேலைக் கட்டுகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. ஊதா, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. நன்றாயிருக்கிறதே என்று நானும் சொல்லிவைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ரூம்பு இந்த நேரத்திலே காலியா இருக்கணும். ஓணத்துக்குப் போக வேண்டிய சரக்கு அண்ணாச்சி இது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே கிடந்தா, தறியை நிறுத்த வேண்டியதுதான்."

விஷயம் இதுதான். தறியும் பாவும் சாயமும் தம்பியான என் சிநேகிதர் பொறுப்பு. விற்பனை முழுவதும் அவருடைய அண்ணன் பொறுப்பு. முப்பது வருஷங்களாக அந்த அண்ணன்தான் தோளில் ஒரு பையுடன் செங்கோட்டை வழியாகப் புனலூர், கொல்லம் என்று மலைக்கு அந்தப் பக்கமும், மதுரை, விருதுநகர் என்று இந்தப் பக்கமும் போய்வந்து கொண்டிருந்தார். எந்தக் கடைக்கு எந்தக் கரை பிடிக்கும், யார் நாற்பதாம் நாள் பணம் தருவார், யாரை மூன்று தடவை நினைவுபடுத்த வேண்டும், யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளே இருந்தன. பேரேட்டில் பற்று வரவு மட்டுமே உண்டு. மற்றது எதுவும் கிடையாது. அந்த வருஷம் பங்குனி மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, பேச்சுப் போய்விட்டது. முன்கட்டில், சாய்வு நாற்காலியில், வருகிறவர்களையெல்லாம் பார்த்துப் பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் செய்யும் உறவினர் ஒருவர் என் சிநேகிதருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். பெரிய மில் ஒன்றில் விற்பனை மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். நாலு மாதம், ஐந்து மாதம் என்று தவணை வைத்துக்கொண்டு, விற்பனைத் தலைவர் இல்லாமல் தவிக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய்க் காரியத்தை நடத்திக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். சம்பளம் கொஞ்சம் அதிகம். ஆனால் நிரந்தரமாக ஆள் வைக்கும் செலவில்லை.

"நீங்க நாலு எழுத்துப் படிச்சவுக. வியாபாரத்தைப் போய் இரவலுக்கு விடலாமா? நம்ம பார்ட்டியை எல்லாம் அவர் பையிலே போட்டுக்கிட்டுப் போயிட்டா?" என்று கேட்டார் சிநேகிதர்.

கதை எழுதுகிறவனிடம் வியாபார யோசனை கேட்பது, பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கைமாற்றுக் கேட்பது போன்றது. எனக்கு அதில் அனுபவம் இல்லை. ஆனால் பழைய சரித்திரங்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. அன்று ராத்திரி உறக்கம் வராமல் புரண்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த இரவல் வியாபாரி நம் சீமைக்குப் புதியவர் அல்லர். நெசவாளியின் சரித்திரமே ஒருவிதத்தில் இரவல் வியாபாரிகளின் சரித்திரந்தான்.

உயர்ந்த உத்தியோகஸ்தர்களைத் தவணைக்கு அமர்த்திக்கொள்ளும் இன்றைய வழக்கம் 1970-களில் ஹாலந்து தேசத்தில் வேர்விட்டது என்பார்கள். ஒருவரை நிரந்தரமாக நியமித்துவிட்டால் நீக்குவது அங்கே எளிதல்ல, சட்டம் கடுமையானது. ஆகவே 'இத்தனை மாதம்' என்று பேசிக்கொண்டு ஆளை அழைத்தார்கள். பிறகு மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் அது பரவியது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அதே ஹாலந்துக்காரர்கள்தாம், நாம் டச்சுக்காரர் என்றும் ஒல்லாந்தர் என்றும் சொல்கிறோமே அவர்கள்தாம், 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலிச் சீமை நெசவாளிகளின் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றியவர்கள். முத்து ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் என்று அவர்கள் வியாபாரம் நடந்தது.

அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒல்லாந்தர் நெசவாளியின் திண்ணைக்கு வந்து விலை பேசவில்லை. நடுவில் உள்ளூர் வர்த்தகர் இருந்தார். அவருக்குக் கீழே தரகர் இருந்தார். முன்பணம் அவர்கள் வழியாக இறங்கியது. துணி அவர்கள் வழியாக ஏறியது. பின்னால் வந்த இங்கிலீஷ்க் கும்பினியாரும் அந்த வழியைத்தான் பின்பற்றினார்கள். திருநெல்வேலிச் சீமைத் துணியைக் கொள்முதல் செய்வதற்கென்றே வர்த்தக ரெசிடெண்டு என்று ஓர் உத்தியோகஸ்தரை வைத்தார்கள். நெசவாளிக்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை முழம், எந்த நெருக்கம், எந்த நாளுக்குள் என்பது மட்டுமே. தன் துணி எந்தத் துறைமுகத்தில் இறங்கி யார் இடுப்பில் ஏறுகிறது என்பதை அவன் அறியான்.

1813-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு, இந்திய வர்த்தகத்தில் கும்பினிக்கு இருந்த ஏகபோக உரிமையை ரத்து செய்தது. 1833-ஆம் வருஷத்துச் சட்டம், கும்பினி வியாபாரத்தையே கைவிடும்படி செய்துவிட்டது. ரெசிடெண்டு மூட்டை கட்டிக்கொண்டு போனார். அவரோடு கணக்குப் புத்தகங்களும் போயின. வாங்குகிறவனுடைய முகவரியும் போயிற்று. அதே காலத்தில் லங்காஷயர் மில் துணி இங்கே வந்து இறங்கியது. நம் நெசவாளியிடம் தறி இருந்தது, கை இருந்தது, வித்தையும் இருந்தது. 'யாருக்கு?' என்ற கேள்விக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக அந்தப் பதிலைப் பிறர் தலையில் வைத்திருந்ததால் வந்த வினை அது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. இப்போது வந்த இரவல் வியாபாரிகள் வேறு ஜாதி. லாபத்துக்காக வந்தவர்கள் அல்லர், தேசத்துக்காக வந்தவர்கள். தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததை எல்லாரும் அறிவோம். அவரே தரும சங்க நெசவுசாலை என்று ஒன்றையும் நடத்தினார் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். வக்கீல் தொழிலைப் பார்த்துக்கொண்டே கப்பலுக்கும் துணிக்கும் ஆள் பிடித்தார் அந்த மனிதர். 1908 மார்ச்சில் அவரைச் சிறைப்படுத்தினார்கள். அவர் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த முயற்சிகளைத் தூக்கி நிறுத்த இன்னொரு தோள் கிடைக்கவில்லை. கப்பலே கடைசியில் கைமாறிப் போயிற்று.

பிறகு கதர் வந்தது. காங்கிரசில் இருந்த நாட்களில் ஈரோட்டுப் பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து வீதி வீதியாக விற்றார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து மண்டிக் கணக்குப் பார்த்தவர் அவர். விற்கத் தெரியாதா என்ன? ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமத்தை அமைத்து, அங்கே குடியிருந்து, கதர் உற்பத்தியையும் விற்பனையையும் கவனித்தார். பிற்காலத்தில் அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இந்த இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே சரக்கை விற்றவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

இந்த வரிசையில் மிகப் பெரிய இரவல் வியாபாரம் 1953-ஆம் வருஷம் நடந்தது. அதை எனக்குச் சொன்னவர், மறுநாள் காலையில் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த, என் சிநேகிதரின் பெரியப்பா. எண்பது வயதைத் தாண்டியவர். கைத்தறியில் உட்கார்ந்து கால் காய்த்துப்போனவர்.

அதற்கு முன்பு, அந்தக் காலத்து நிலைமையை நான் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் துணிக்குப் பஞ்சம், நெய்ததெல்லாம் விற்றது. கொரியா யுத்தத்தால் ஏறியிருந்த விலைகள் 1952-இல் சரிந்தன. இலங்கை, பர்மா, மலாய் முதலிய நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த கைலிகளும் தேங்கின. சென்னை ராஜ்யமெங்கும் கைத்தறித் துணி மலைமலையாகக் குவிந்தது. நெசவாளர் குடும்பங்களுக்குக் கஞ்சித் தொட்டி திறக்கும் நிலைமை வந்தது. தறியை நிறுத்திவிட்டுக் குழந்தை குட்டியோடு வேற்றூர்களில் பிச்சைக்குப் போனவர்களும் உண்டு.

அப்போது முதன்மந்திரியாக இருந்தவர் ராஜாஜி. வேட்டி, சேலை இரண்டையும் கைத்தறிக்கே ஒதுக்கிவிட வேண்டும், மில்கள் வேறு துணி நெய்துகொள்ளட்டும் என்று அவர் டில்லியோடு வாதாடினார். டில்லியில் வர்த்தக, கைத்தொழில் மந்திரியாக இருந்தவர் இன்னொரு தமிழர், டி. டி. கிருஷ்ணமாச்சாரி. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. மில்கள் முன்பு நெய்துவந்த வேட்டியில் 60 சதவிகிதத்துக்கு மேல் நெய்யக் கூடாது என்ற உத்தரவு 1952 முடிவில் வந்தது. மில் துணிக்குக் கெஜத்துக்குக் காலணா என்று தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிட 1953-இல் ஒரு சட்டம் வந்தது. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952-லேயே பிறந்துவிட்டது.

இவையெல்லாம் சர்க்கார் காரியம், மெதுவாகத்தான் நடக்கும். குவிந்து கிடந்த துணியை இன்றைக்கு யார் வாங்குவது? அதற்குத்தான் சி. என். அண்ணாதுரை மூட்டையைத் தூக்கினார். 1953 ஜனவரியில் திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்துகொண்டு அவர் விற்றார். அவருடைய கட்சித் தலைவர்கள் மற்ற ஊர்களில் விற்றார்கள். மேடையில் ஏறினால் ஆயிரக்கணக்கான பேரைக் கட்டிப்போடும் பேச்சாளர், நாடகாசிரியர், வீதியில் நின்று 'வேட்டி வாங்குங்கள், சேலை வாங்குங்கள்' என்றால் எப்படி இருந்திருக்கும்! முதன்மந்திரி ஒரு கட்சி, மூட்டை சுமந்தவர் வேறு கட்சி. ஆனால் நெசவாளி அந்த வருஷம் இரண்டு பேருக்கும் கடமைப்பட்டவன்.

இனிப் பெரியப்பா சொன்னதைக் கேளுங்கள்.

"அப்ப எனக்குப் பதினாலு வயசு தம்பி. தெருவிலேயே பேப்பர் வாசிக்கத் தெரிஞ்ச பொடியன் நாந்தான். வாசிச்சேன். இன்ன ஊரிலே இவ்வளவு வித்துப்போச்சுன்னதும் எல்லாருக்கும் கண்ணிலே தண்ணி. நம்மளுக்காக மூட்டை தூக்குதாகளேன்னு. எங்கய்யா மட்டும் தறிக்குழியை விட்டு எந்திரிக்கல்லை. 'ஏலே, வாங்கினது யாரு எவருன்னு போட்டிருக்கா?'ன்னு கேட்டாரு. அதெல்லாம் போடலையேன்னேன். 'அப்ப நாளைக்கு வேட்டி கிழிஞ்சா அவங்க யாருகிட்ட வந்து கேப்பாங்க?'ன்னாரு. அன்னிக்கு எனக்கு அவரு மேலே கோவம்தான் வந்துது. நல்லது நடக்கும்போதும் நொட்டை சொல்லுதாரேன்னு."

கிழவரின் தந்தை நன்றி கெட்டுப் பேசவில்லை என்றே நான் நினைக்கிறேன். அந்த நாட்களில் விற்ற துணியால் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. அது சின்ன விஷயம் அல்ல. அதைவிடப் பெரிய விஷயம், கைத்தறி வாங்குவது ஒரு கௌரவம் என்ற எண்ணம் படித்தவர்கள் மனத்தில் பதிந்தது. ஆனால் இரவல் தோள் என்றைக்கும் சுமக்காது. அவர்களுக்கு வேறு மேடைகள் இருந்தன, வேறு போராட்டங்கள் இருந்தன. மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போகத்தான் வேண்டும். இறக்கிவைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படி ஏதோ இருந்த இடங்களில் நெசவாளி பிழைத்தான். 1935-இல் சென்னையில் ஏற்பட்ட கூட்டுறவு நிலையம், நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைப்பது, அப்போதே பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. தீபாவளிக்குத் தள்ளுபடி என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நினைவு வருகிறதே, அந்த வண்ணத்துப்பூச்சிச் சின்னத்துக் கடைதான். வாங்குகிறவருக்கு ஒரு வாசற்படி, விற்கிறவருக்கு ஒரு பலகை, இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கணக்குப் புத்தகம். மறுபடியும் வந்து கேட்க ஓர் இடம். சென்னிமலையில் எம். பி. நாச்சிமுத்து 1941-இல் தொடங்கிய நெசவாளர் சங்கமும் அத்தகையது. அவர் நெசவாளர்களிடையே இருந்து வந்தவர். நெய்கிறவனே விற்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். சென்னிமலைப் போர்வை ஊரெல்லாம் பேர் வாங்கியது அப்படித்தான். நிரந்தரம் என்று நாம் நினைக்கும் சர்க்கார் ஏற்பாடுகூட இரவல்தான் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையில் கலைத்துவிட்டார்கள். சங்கமும் கடையும் இருந்த ஊர்களில் இன்றும் இருக்கின்றன.

நம் துணியைக் கடல் கடந்து விற்ற ஓர் இரவல் மூளையின் கதையும் இங்கே சொல்லத் தகுந்தது. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கண்ணூர்க்காரர் சி. பி. கிருஷ்ணன் நாயர், அப்போது துணி வியாபாரத்தில் இருந்தார். 1958-இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் சென்னைக் கட்டம் போட்ட துணியை வாங்கிப் போனார். நியூயார்க்கில் பெயர்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அது சட்டையாகவும் கோட்டாகவும் விற்றது. இந்தத் துணியைத் தனியாக, குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்று யாரும் வாங்குகிறவர்களிடம் சொல்லவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டார்கள், சாயம் ஓடிற்று. சிவப்பும் நீலமும் கலந்து திமிலோகப்பட்டது. வழக்குப் போடும் அளவுக்குப் பேச்சு முற்றியதாம். அந்தச் சமயத்தில் டேவிட் ஓகில்வி என்ற விளம்பர நிபுணரின் கைங்கரியத்தால், 'சாயம் போகும் என்று உத்தரவாதம் தருகிறோம்!' என்று விளம்பரம் வந்தது என்பார்கள். ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று அமெரிக்க இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். குறையே குணமாயிற்று.

கெட்டிக்காரத்தனத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். தறியையும் சாயத்தொட்டியையும் கண்ணால் காணாத ஒருவர், நாலு வார்த்தையால் ஆயிரக்கணக்கான தறிகளை ஓட்டிவிட்டார். ஆனால் மோகம் என்றால் அது ஒருநாள் அடங்கும் அல்லவா? 1960-களின் பிற்பகுதியில் அடங்கிற்று. இன்றும் அமெரிக்காவில் கோடைக்காலச் சட்டைத் துணிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். பெயர் மட்டும் அங்கே தங்கியது. நெய்தவனுக்கு நியூயார்க்கும் தெரியாது. புரூக்ஸ் பிரதர்ஸும் தெரியாது. கும்பினி ரெசிடெண்டு போனபோது எந்த இடத்தில் நின்றானோ, அதே இடத்தில் மறுபடியும் நின்றான்.

இவ்வளவையும் நான் என் சிநேகிதரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உறங்கிப்போயிருப்பார். ஊருக்குப் புறப்படும்போது இவ்வளவுதான் சொன்னேன்: "ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் எவ்வளவு விற்றுத் தருவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். போகும்போது எதை விட்டுவிட்டுப் போவீர்கள் என்று கேளுங்கள்."

அவர் விசைத்தறிக்காரர். கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிக்கு உரியது. அந்த வாசற்படி அவருக்குக் கிடையாது. கைத்தறியைத் தள்ளிவிட்டு வந்த விசைத்தறிக்காக யார் மூட்டை சுமக்கப் போகிறார்கள்? அவருக்குத் தம் சொந்தத் தோள்தான் கதி. அந்தத் தோள் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கிடந்தது.

கோயம்புத்தூர்க்காரர் ஆவணி பிறந்ததும் வந்து சேர்ந்தாராம். வெள்ளைக் கைச்சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, அதிகம் பேசாத சுபாவம். வந்தவர் முதல் வாரம் ஒரு கடைக்கும் போகவில்லை. என் சிநேகிதருக்கு வயிற்றைக் கலக்கிற்று. சம்பளம் ஓடுகிறதே! அவர் செய்ததெல்லாம், பத்து வருஷத்துப் பேரேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு கடைப் பெயர்களை ஒரு புது நோட்டில் எழுதியதுதான். பிறகு தினமும் சாயங்காலம் காபி குடித்துவிட்டு முன்கட்டுக்குப் போய், பேச முடியாத அண்ணனுக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"புனலூர்க் கடை. நல்ல பார்ட்டியா?"

அண்ணன் தலையை ஆட்டுவார்.

"சின்னக் கரையா? பெரிய கரையா?"

இடது கை விரலால் அளவு காட்டுவார்.

"கடனா, ரொக்கமா?"

இதற்கு அந்தப் பாதி முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை வைத்தே பதிலைத் தெரிந்துகொண்டு அவர் நோட்டில் எழுதுவார். தவறாக எழுதினால் அண்ணன் நாற்காலிக் கையைத் தட்டுவார். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நடந்ததாம். பங்குனியிலிருந்து யாரும் தம்மிடம் எதுவும் கேட்காமல், மருந்தும் கஞ்சியும் மட்டும் கொண்டுவந்து வைத்த வீட்டில், ஒரு வேற்று மனிதர் தினமும் வந்து வியாபாரம் கேட்கிறார். நாலு மணி ஆனதும் அண்ணன் தமக்குச் சட்டை போட்டுவிடச் சொல்லி மனைவிக்கு ஜாடை காட்டத் தொடங்கினாராம்.

சரக்கு எல்லாம் பறந்துபோய்விட்டது என்று சொன்னால் நான் கதை எழுதுகிறேன் என்று அர்த்தம். அந்த வருஷத்து ஓணம் கைநழுவிப் போய்விட்டது. பழைய பாக்கியில் ஒரு பகுதி வரவே இல்லை. பதினாறு தறிகளில் ஆறு தறிகளைத் தீபாவளிவரை நிறுத்திவைத்தார்கள். இரண்டு தறிக்காரர்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். ஆனால் சேலையோடு ரவிக்கைத் துண்டு சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதும், ஊதா நிறத்தை மூன்று கடைகள் வெகு நாளாக வேண்டாவெறுப்பாகவே வாங்கிக்கொண்டிருந்தன என்பதும், அந்த நோட்டினால் தெரியவந்தன. அண்ணன் மேலுள்ள பிரியத்துக்காக வாங்கினார்களாம்! தீபாவளிக்குள் அறையில் பாதி காலியாயிற்று. மார்கழியில் தவணை முடிந்ததும் கோயம்புத்தூர்க்காரர் தம் பெட்டியோடு போய்விட்டார். நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்குப் பிறகு நான் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தபோது, என் சிநேகிதர் முதல் தடவையாகத் தனியே புனலூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நானும் துணைக்குப் போனேன். செங்கோட்டையைத் தாண்டி, 1904-இல் மலையைக் குடைந்து போட்ட பாதையில், ரயில் குகைக்குள் நுழையும்போதெல்லாம் அவர் நோட்டைப் பையில் வைப்பதும் வெளிச்சம் வந்ததும் எடுப்பதுமாக இருந்தார். புனலூர்க் கடையின் பக்கத்தை எனக்குக் காட்டினார். கரையின் அளவு, நிறங்கள், பணம் வரும் நாள் எல்லாம் வரிசையாக இருந்தன. அடியில் கோயம்புத்தூர்க்காரரின் கையெழுத்தில் ஒரு வரி: 'முதலில் அண்ணனைப் பற்றி விசாரிப்பார். நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, பிறகு சேலையை எடுக்கவும்.'

கடைக்காரர் வயதானவர். எங்களைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சேட்டன் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

என் சிநேகிதர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் இப்போது சாயங்காலத்தில் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவதையும், இடது கையால் கரை அளவு காட்டுவதையும் ஒன்று விடாமல் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. பையை அவர் இன்னும் அவிழ்க்கவே இல்லை. கடைக்காரர்தாம், "சரி, என்ன கொண்டு வந்திருக்கே, எடு" என்றார்.